சிகுர்ட் பிரபுவுக்குப் பிறகு ஒரு பெயர்

ஒஸ்லோவின் ஓரத்தில், கடல் நிலத்துக்குள் நுழைந்து வளைகிற இடத்தில் உல்வெஸ்தேன் கோட்டை நிற்கிறது. ஒரு கோபுரமும் மூன்றரைச் சுவர்களும் உண்டு. நாலாவது சுவரின் மீதிப் பாதி எங்கே போனது என்பது பற்றி ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது.

1391இல் உல்வெஸ்தேன் பிரபு, அயல் பிரபுவின் ஹெர்ரிங் மீன் பீப்பாய்களைத் தன்னுடையவை என்று சொன்னார். அயல் பிரபு படையோடு வந்து கோட்டையைச் சுற்றி வளைத்தார். உள்ளே ஊர்ச்சனம் அடைபட்டுக் கிடந்தது. வசந்தம் வந்ததும், விதைப்புக்கு நேரமாகிறதென்று எதிரிப்படை வீடு திரும்பியது. போய்விட்டார்களா என்று எட்டிப் பார்ப்பதற்காகப் பிரபுவின் தம்பி சிகுர்ட் மதிலில் ஏறினார். ஈரக்கல்லில் கால் வழுக்கியது. விழுந்து இறந்தார்.

இதுதான் பெரு முற்றுகை. இதில் இறந்தவர் சிகுர்ட் பிரபு ஒருவரே. ஊர்ச்சனத்தில் எத்தனை பேர் பசியால் செத்தார்கள் என்பது தெரியாது. அவர்கள் பிரபுக்கள் அல்லர் என்பதால் எவரும் எண்ணவில்லை.

கோட்டையை ஓர் அறக்கட்டளை நடத்திவந்தது. அதில் மரபுப் பிரிவு இருந்தது, நினைவுப் பிரிவு இருந்தது, நினைவுப் பிரிவு மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு பிரிவும் இருந்தது. ஆண்டுதோறும் மே மாதத்தில் சிகுர்ட் பிரபுவுக்குத் துக்க வாரம். அந்த வாரத்தில் பணியாளர்கள் உரக்கச் சிரிக்கக் கூடாது. கஃபேயில் வாஃபிளுக்குச் சிவப்பு ஜாம் வைக்கக் கூடாது, இரத்தத்தை நினைவூட்டும். கைத்தொலைபேசி கூடவே கூடாது, ஏனென்றால் 1391இல் அது இல்லை. வார இறுதியில் கோபுரக் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கும். உல்வெஸ்தேன் வம்சத்தின் கடைசி வாரிசு, வேறு எவரும் உட்காரக் கூடாத கறுப்பு நாற்காலியில் அமர்ந்து, இறந்தவரின் பெயரை வாசிப்பார். சனம் தலைகுனிந்து நிற்கும்.

கடைசி வாரிசின் பெயர் ஆர்ன உல்வெஸ்தேன். ஓய்வுபெற்ற பல் வைத்தியர்.

கஃபேயில் வாஃபிள் சுடுகிறவள் புஷ்பமலர். வீடு ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில். கணவர் சபாரத்தினம் பேருந்து ஓட்டினார், மகள் வர்சா தாதியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். புஷ்பமலர் கோட்டையில் சேர்ந்த முதல் நாளிலேயே அந்த வெறும் கறுப்பு நாற்காலிக்குக் குனிந்து வணக்கம் சொல்லப் பழக்கினார்கள். அவளுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் கோயிலில் கல்லைக் கும்பிடுகிற நாங்கள் நாற்காலியைப் பற்றிக் கதைக்கப்படாது என்று நினைத்துக்கொண்டு குனிந்தாள். அப்படியே பல வருடங்கள் போயின.

2009ஆம் ஆண்டு மே மாதம் அவளுடைய ஒரே தம்பி பத்மநாதன் இலங்கையில், போர் நடந்த வன்னிக்குள் இருந்தான். பத்மநாதனும் மனைவி அருள்ராணியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டு, இடம் இடமாக மாறி, கடைசியில் கடலுக்கும் நீரேரிக்கும் இடையில் ஒரு மணல் துண்டில் போய் நின்றார்கள். பத்மநாதன் கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தது மாசி மாதத்தில். "அக்கா, ஷெல் விழுது. பிறகு எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவில்லை.

புஷ்பமலர் பகலில் வாஃபிள் சுட்டாள். வேலை முடிந்ததும், போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடி நின்ற தமிழரோடு போய் நின்றாள். தடை செய்யப்பட்ட தொலைபேசியை ஏப்ரனுக்குள், வயிற்றோடு சேர்த்து ஒளித்து வைத்திருந்தாள்.

துக்க வாரத்தில் முற்றுகை நாடகமும் உண்டு. அந்த வருடம் பசித்த பெண்ணாக நடிக்க வேண்டிய நடிகைக்கு பெர்கனில் நல்ல வேடம் கிடைத்துவிட்டது. கோட்டையின் இயக்குநர் லிண்டால் கஃபேக்கு வந்தார். உயரமானவர், எதையும் மெல்லிய குரலில் சொல்பவர்.

"உங்களுக்கு ஒரே ஒரு வசனம்தான். வெறும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு 'ரொட்டி இல்லை, பிரபுவே' என்று சொல்ல வேண்டும். அறக்கட்டளை இந்த ஆண்டைப் பன்மைத்துவ ஆண்டாக அறிவித்திருக்கிறது. உங்களைப் போன்ற ஒருவருக்கு முற்றுகை என்றால் என்ன என்று உணர இது அரிய வாய்ப்பு."

புஷ்பமலர் அவரைப் பார்த்தாள். மறுக்கத் தெரியாததால் "சரி" என்றாள்.

ஒத்திகையில் சாக்குத் துணிச் சட்டையைப் போட்டுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள். மதிலடியில் நின்றாள். வசனம் நினைவில் இருந்தது. ஆனால் கிண்ணத்தைப் பார்த்ததும் வன்னியின் கஞ்சி வரிசை நினைவுக்கு வந்தது. வரிசையில் நிற்கிற சனத்தின் மேலேயே ஷெல் விழுகிறது என்று பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆட்கள் கதைத்ததைக் கேட்டிருந்தாள். "ரொட்டி இல்லை, பிரபுவே" என்று நொர்வேஜியனில் தொடங்கியவள், "ஐயோ, என்ரை தம்பி" என்று தமிழில் முடித்தாள். அப்படியே நிலத்தில் குந்தி, வாய் விட்டு அழுதாள்.

கோட்டையின் வரலாற்றறிஞர் டாக்டர் மூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு சிறு திருத்தம். அழுகை மிகையாக இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில், முற்றுகைக்குள் இருந்த சாதாரணச் சனம் இப்படி அழுததற்கு ஆதாரம் எதுவும் இல்லை."

"அவர்கள் அழுததை எழுத அங்கே ஆள் இருக்கவில்லையே" என்றாள் புஷ்பமலர், கண்ணைத் துடைத்தபடி. அவள் வாதாடவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அதையேதான் சொல்கிறேன். எழுதப்படாத அழுகையை நாம் நடிக்க முடியாது."

வேடத்தை மரபுப் பிரிவில் வேலை செய்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்த்தாள். டாக்டர் மூவுக்கு அது திருப்தியாக இருந்தது.

மே பதினேழு வந்தது, நொர்வேயின் தேசிய நாள். ஒஸ்லோ முழுக்கப் பிள்ளைகள் கொடியும் ஐஸ்கிரீமுமாக ஊர்வலம் போனார்கள். சபாரத்தினம் கணினிக்கு முன்னால் இருந்து செய்தியைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாட்களில் போர் முடிந்துவிட்டது என்றார்கள். யாருக்கு முடிந்தது என்று எவரும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு பகல், புஷ்பமலர் வாஃபிள் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வயிற்றோடிருந்த தொலைபேசி அதிர்ந்தது. வவுனியாவிலிருந்து மேரியம்மா. அருள்ராணியின் பெரியம்மாவின் மகள்.

"மலரக்கா, அருள்ராணியைக் கண்டனான். முகாமிலை இருக்கிறாள். பிள்ளையள் ரெண்டும் அவளோடை."

"பத்மன்?"

பிள்ளைகள் சுகம் என்றாள் மேரியம்மா.

"சொல்லு மேரி. பத்மன் எங்கை?"

"இல்லை அக்கா. அங்கையே விட்டிட்டு வந்தவை. எடுக்க ஏலாமல் போச்சாம்."

புஷ்பமலர் தொலைபேசியை ஏப்ரனுக்குள் திரும்ப வைத்தாள். அச்சில் மாவு இருந்தது, மூடினாள். கருகும் மணம் வந்த பிறகும் திறக்கவில்லை. கஃபேயில் இருந்த ஒரு சுற்றுலாப் பயணி வந்து அதைத் திறந்துவிட்டார்.

வீட்டில் வர்சா அழுதாள். சபாரத்தினம் பத்மநாதனின் கலியாணப் படத்தை எடுத்து மேசையில் வைத்து விளக்குக் கொளுத்தினார். உடலும் இல்லை, ஊரும் இல்லை, யாருக்குத் தந்தி அடிக்கிறது, எங்கே காடாத்திச் சாம்பல் கரைக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"நாளைக்கு மறுநாள் கோட்டையிலை கொடி இறக்குவினம். பெயர் வாசிப்பினம். பத்மன்ரை பெயரையும் சேர்த்து ஒருக்கா வாசிக்கச் சொல்லிக் கேக்கப் போறன்" என்றாள் புஷ்பமலர்.

"விசரே உனக்கு? அது ஆரோ பிரபுவுக்கு. கொடி இறக்கி என்னப்பா செய்யப் போறாய்?"

"ஒண்டும் செய்யப் போறேல்லை. ஒருக்கா நாலு பேருக்கு முன்னாலை அவன்ரை பெயரைச் சொல்லட்டும். அவ்வளவுதான்."

மறுநாள் லிண்டால் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டு இடத்தில் கண்ணை மூடித் திறந்தார். "இது என் தனி அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது" என்று சொல்லி, நிர்வாகக் குழுவை அவசரமாகக் கூட்டினார். முற்றுகை மண்டபத்தில், நீண்ட மேசையின் ஒரு பக்கத்தில் குழு அமர்ந்தது. மறுபக்கத்தில் புஷ்பமலருக்கு ஒரு முக்காலி போட்டார்கள். கறுப்பு நாற்காலிக்கு அருகே போடப்பட்டதால், உட்கார முன் அவள் அதற்கும் குனிய வேண்டியிருந்தது.

லிண்டால் தொடங்கினார். "முதலில், எங்கள் ஆழ்ந்த அனுதாபம். அனுதாபத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா?"

"ஓம்... யா" என்று நொர்வேஜியனுக்கு மாற்றிச் சொன்னாள்.

"நன்றி. அனுதாபம் முடிந்தது. இனி விடயத்துக்கு வருவோம்."

டாக்டர் மூ எழுந்தார். "துயரம் என்பது ஒருவகை மது. அது பழுக்க வேண்டும். நூறு ஆண்டாவது ஆகாத மரணத்தை வரலாறு என்று சொல்ல முடியாது, அது வெறும் செய்தி. அம்மையார் 2109இல் விண்ணப்பித்தால் நான் தனிப்பட்ட முறையில் ஆதரிப்பேன்."

"2109இல் நான் இருக்க மாட்டேனே."

"வரலாற்றின் துயரமே அதுதான்" என்றார் டாக்டர் மூ. குழுவில் சிலர் தலையசைத்தார்கள். "அடுத்து, ஆதாரம். மனித மரணம் ஒன்றை ஏற்க எமக்கு மூன்று தனித்தனி ஆதாரங்கள் வேண்டும். அவர் இறந்ததை யார் கண்டது?"

"அவனுடைய மனைவி."

"மனைவி சம்பந்தப்பட்டவர். பக்கச்சார்பு இருக்கும். வேறு?"

"பிள்ளைகள்."

"சிறுவர்கள். வேறு?"

"வேறு... பக்கத்தில் நின்ற சனமும் செத்துப்போச்சு."

டாக்டர் மூ வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். "அப்படியானால் அவர்களையும் நாம் கேட்க முடியாது."

கடைசியாக லிண்டால் பேசினார். அவர் குரல் முன்னையதிலும் மென்மையாக இருந்தது. "நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் நடுநிலையானவர்கள். 1391இல் ஹெர்ரிங் பீப்பாய்கள் யாருடையவை என்பதிலேயே இந்த அறக்கட்டளை இன்னும் ஒரு நிலைப்பாடு எடுக்கவில்லை. எங்கோ தொலைவில் நடப்பதைப் பற்றி நாங்கள் அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயர் இறந்துவிட்டது என்று நாங்கள் கருத்துச் சொன்னது போலாகிவிடும். அந்தக் கொடி உல்வெஸ்தேன் குடும்பத்து மரணத்துக்கு மட்டுமே இறங்கும். உங்களுக்கு ஆறுதலாக, ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பணியிலிருந்து விடுவிக்கவில்லை. வேலை மனத்தைத் தேற்றும்."

புஷ்பமலர் எழுந்தாள். பழக்கத்தில் நாற்காலிக்குக் குனிந்துவிட்டு வெளியே போனாள்.

ஞாயிறு காலை ஆர்ன உல்வெஸ்தேன் வழக்கம் போலச் சடங்குக்கு முன் கஃபேக்கு வந்தார். வம்சத்தின் நீல மேலங்கி அவருக்குப் பெரிதாயிருந்தது. பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் ஒன்று கேட்டார். புஷ்பமலர் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

"ஒன்றும் இல்லை."

"அம்மா, நான் வாழ்நாள் முழுக்கப் பல் பிடுங்கினவன். வலிக்கவில்லை என்று சொல்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும்."

அவள் சொன்னாள். நின்றபடியே, மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் வாஃபிளைத் தள்ளி வைத்தார்.

"சிகுர்ட் என்கிற அந்த ஆளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஈரக்கல்லில் ஏறின மடையன். வருடா வருடம் அவருக்காக என்னைத் துக்கப்பட வைக்கிறார்கள். உன் தம்பியின் பெயர் என்ன?"

"பத்மநாதன்."

"பட்மா..."

"பத்-ம-நா-தன்."

அவர் பல தடவை சொல்லிப் பார்த்தார். வாயைத் திறந்து நாக்கை எங்கே வைப்பது என்று அவளிடம் கேட்டார். அவள் காட்டினாள். சரியாக வந்தபோது அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வாஃபிள் அச்சிருக்கும் குசினிக்குள் போய்விட்டாள்.

சடங்கு தொடங்கியது. முரசு அடித்தார்கள். கொடி இறங்கியது. முற்றத்தில் நிறையச் சனம். கஃபேயின் யன்னலில் புஷ்பமலர் நின்றாள். ஆர்ன கறுப்பு நாற்காலியில் அமர்ந்து, ஒலிவாங்கியில் "சிகுர்ட் உல்வெஸ்தேன்" என்றார். முரசடிப்பவர் கையை ஓங்கியபோது, கிழவர் நிறுத்தும்படி விரலை உயர்த்தினார்.

"பத்மநாதன்" என்றார். தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாக.

அடுத்த கணம் லிண்டால் முரசைத் தானே பறித்து அடித்தார். சனத்துக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு பெயருக்குமாகச் சேர்த்துத் தலை குனிந்தது.

யன்னலில் நின்ற புஷ்பமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி இறந்த செய்தி வந்த பிறகு அன்றுதான் அவளுக்கு முழுதாக மூச்சு வந்தது.

அறக்கட்டளைக்கு அது பெரிய நெருக்கடி. ஆர்னவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "என் குடும்பத்தில் யார் யார் என்று நான் சொல்லக் கூடாதா?" என்று கிழவர் கேட்டார். "உங்கள் குடும்பத்தை அறக்கட்டளை பராமரிக்கிறது" என்றார் லிண்டால். "நீங்கள் அதில் ஓர் உறுப்பினர் மட்டுமே." அதோடு கறுப்பு நாற்காலியில் ஆர்னவுக்குப் பதிலாக அவருடைய உருவப்படம் ஒன்றைச் செய்து வைத்தார்கள். அது எதையும் கூடுதலாக வாசிக்காது.

ஆனால் சிக்கல் தீரவில்லை. நாற்காலியிலிருந்து ஒருமுறை வாசிக்கப்பட்ட பெயரை நீக்க மரபில் இடமில்லை. பார்வையாளர்களும் யார் இந்த இரண்டாமவர் என்று கேட்கத் தொடங்கினார்கள். டாக்டர் மூ மாதக்கணக்கில் ஆராய்ந்தார். பனிக்காலத்தில் முடிவை அறிவித்தார். லிண்டால் கஃபேக்கு வந்து புஷ்பமலருக்குத் தானே நேரில் சொன்னார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"நல்ல செய்தி. உங்கள் பெயர் தங்கிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் வாசிப்போம், என்றென்றைக்கும்."

"என் தம்பியையா?"

"பெயரை. பத்மநாதன் என்பது சிகுர்ட் பிரபுவின் குதிரை என்று டாக்டர் மூ நிறுவியிருக்கிறார். கிழக்கிலிருந்து வணிகர்கள் கொண்டுவந்த உயர்சாதிக் குதிரை. முற்றுகையில் இறந்தது."

புஷ்பமலருக்கு நொர்வேஜியனில் அந்தச் சொல் வேறு ஏதாவது பொருள் தருமோ என்று சந்தேகமாக இருந்தது. "குதிரையா?" என்று கேட்டாள்.

"மனிதன் என்றால் மூன்று ஆதாரம் வேண்டும். குதிரைக்கு ஒன்று போதும்" என்றார் லிண்டால், மென்மையாக.

"அவன் என் தம்பி என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனால் எங்களுக்குத் தெரிவதெல்லாம் வரலாறு ஆகிவிடாதே."

அன்றைக்கே அவள் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போகவில்லை. பிறகு பாடசாலை ஒன்றின் குசினியில் வேலை கிடைத்தது.

2010 மே மாதம் துக்க வாரம் வந்தபோது, "நான் ஒருக்காப் போயிட்டு வரப்போறன்" என்றாள். வர்சாதான் கூடப் போனாள். வாசலிலேயே நினைவுப்பொருட் கடை. பஞ்சு அடைத்த மண்ணிறக் குதிரைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டியிலும் மாமாவின் பெயர் நூலால் தைக்கப்பட்டிருந்தது.

வர்சாவின் முகம் சிவந்தது. "அம்மா, இது அசிங்கம். நான் போய் அவங்களோடை கதைக்கப் போறன். பேப்பருக்கு எழுதப் போறன், போடட்டும்."

"பிறகு எழுது பிள்ளை. இப்ப வா."

"எப்பிடியம்மா உங்களாலை இஞ்சை நிக்க ஏலுது? மாமாவைக் குதிரை எண்டுறாங்கள்!"

"ஊரிலை அருள்ராணிக்கு ஒரு விளக்குக் கொளுத்தவும் ஆமிக்குப் பயம். பிள்ளையள் அப்பா எண்டு உரக்கச் சொல்லுறேல்லையாம். வேறை எங்கை போய் அவன்ரை பெயரைக் கேக்கிறது, சொல்லு?"

வர்சா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முற்றத்தில் கூட்டம். நாற்காலியில் படம் இருந்தது. ஆர்ன சாதாரணக் கோட்டுடன் சனத்துக்கு நடுவில் நின்றார். புஷ்பமலரைக் கண்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். ஒலிபெருக்கியில் யாரோ ஒரு நடிகரின் கனத்த குரல் வந்தது. சிகுர்ட் உல்வெஸ்தேன். பிறகு, பத்மநாதன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. கொடி இறங்கியது. சனமெல்லாம் தலைகுனிந்தது. புஷ்பமலரும் குனிந்தாள்.

அவளுக்கு முன்னால் ஒரு சிறுமி பஞ்சுக் குதிரையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். தாயின் கையை இழுத்தாள்.

"அம்மா, பத்மநாதனுக்கு வலித்ததா?"

புஷ்பமலர் நிமிர்ந்தாள். அந்த ஒரு வருடமும் அருள்ராணியோடு எத்தனையோ தரம் தொலைபேசியில் கதைத்திருந்தாள். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அந்தத் தாய் குனிந்து மகளின் தலையைத் தடவினாள். "இல்லைச் செல்லம். அவனுக்கு எதுவும் தெரியவே இல்லை. உடனேயே நித்திரையாகிவிட்டான்."

"பக்கத்தில் யாராவது இருந்தார்களா?"

"இருந்தார்கள். அவனுடைய ஆட்கள் எல்லாரும் பக்கத்திலேயே இருந்தார்கள்."

புஷ்பமலர் கையை நீட்டி அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு முகம் கண்ணீரோடு நிற்பதைக் கண்டு திகைத்துப்போனாள்.

"நன்றி" என்றாள் புஷ்பமலர். "இன்னொரு தரம் சொல்லுங்கள்."